‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்றுதான் எழுதிக்கொடுத்தேன்: நான் படித்த கல்லூரியின் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கும், முதல்வர் அவர்களுக்கும், வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கும்,

வரும் கல்வியாண்டு முதல் பி.ஏ. வரலாறு, பி.ஏ. தமிழ் இலக்கியம் ஆகிய இரண்டு வகுப்புகளிலும் முதலாமாண்டுச் சேர்க்கையை நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பதிலாகச் சுயநிதிப் பிரிவில் புதிய பெயர்களைக் கொண்ட படிப்புகளைத் தொடங்கப்போவதாக நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையை முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படித்தேன். அதில் நீங்கள் சொல்லியிருக்கும் காரணம் ஒரே வரிதான்: இந்தப் படிப்புகளைப் படித்தவர்கள் வளாக நேர்காணலில் வேலை பெறுவதில்லை. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அது எப்படி உருவானது என்பதைக் கடந்த மார்ச் மாதம் உங்கள் கருத்தரங்கக் கூடத்தின் வாசலில் நின்று நானே கண்ணால் பார்த்தேன்.

நான் இதே கல்லூரியில் 1997 முதல் 2000 வரை பி.ஏ. வரலாறு படித்தவள். படித்து முடித்த ஆண்டிலேயே தம்புச் செட்டித் தெருவில், துறைமுகச் சரக்குகளைச் சுங்கத்துறையில் விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் மாதம் 1,800 ரூபாய்ச் சம்பளத்துக்குத் தட்டச்சராகச் சேர்ந்தேன். சுங்கத்துறையில் இந்த வேலையைப் பார்க்க அனுமதிக்கும் எச் கார்டு வாங்கினேன், பிறகு சுங்கத்துறை நடத்தும் தேர்வு எழுதி அதற்கு மேல்நிலை அட்டையான ஜி கார்டு வாங்கினேன். இன்று அதே தொழிலில் வேறொரு நிறுவனத்தின் ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஷிப்பிங் பில் (ஏற்றுமதி அறிவிப்பு), பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்பு), லேடிங் பில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் இவற்றோடுதான் என் 25 ஆண்டுகள் போயிருக்கின்றன. எங்கள் பிரிவுக்கு ஆள் எடுப்பதும் என் வேலைதான்.

அந்தப் பொறுப்பில்தான் உங்கள் கல்லூரிக்கு எழுதினேன். நான்கு இடங்கள் காலியாக இருந்தன. வெளியாரைத் தேடுவதற்கு முன்பு நான் படித்த கல்லூரியின் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். கல்வித் தகுதி என்ற இடத்தில் ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்று எழுதிக்கொடுத்தேன். அதோடு, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கொடுத்தால் நிதானமாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், கணினியில் தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும், கப்பல் வரும் நாட்களில் மாலை ஏழு மணி வரை இருக்க முடிய வேண்டும் என்பவற்றையும் சொல்லியிருந்தேன். இதற்கு மேல் எதையும் நான் கேட்கவில்லை.

நேர்காணல் நாளன்று வந்திருந்தவர்கள் எல்லாரும் பி.காம்., பி.சி.ஏ. மாணவர்கள். மற்ற துறைகளில் யாருக்கும் விருப்பமில்லை போலும் என்றுதான் முதலில் நினைத்தேன். மதியம் கை கழுவ வெளியே வந்தபோது, குடிநீர்க் குழாயின் அருகே ஒரு மாணவி நெகிழிக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். யாருக்காக நிற்கிறாய் என்று கேட்டேன். “இன்டர்வியூவுக்குத்தான் மேடம் வந்தேன், ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்டுக்கு இல்லைன்னு சொல்லிட்டாங்க. யாராவது வரலைன்னா கூப்பிடுவாங்களோன்னு நின்னுட்டிருக்கேன்” என்றாள். காலை ஒன்பது மணியிலிருந்து நின்றிருக்கிறாள். அறிவிப்புப் பலகையைப் போய்ப் பார்த்தேன். என் அலுவலகத்தின் பெயருக்குக் கீழே, நான் எழுதாத ஒரு வரி தட்டச்சு செய்யப்பட்டிருந்தது: ‘தகுதி: பி.காம்., பி.சி.ஏ. மட்டும்.’

வேலைவாய்ப்புப் பிரிவில் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதிலில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வருகிற நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த இரண்டைத்தான் கேட்கின்றன, என்னுடைய நேரம் வீணாகக் கூடாது என்று அவர்களே வடிகட்டிவிட்டார்கள் என்றார்கள். அன்போடு சொன்னார்கள். ஆனால் அந்த அன்பினால் அந்தப் பெண் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றாள்.

அவளை உள்ளே அழைத்துப் போய், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தாள்களைக் கொடுத்தேன். எங்கள் தேர்வு மிக எளியது. ஒரே சரக்குக்கான இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், லேடிங் பில் ஆகிய மூன்று ஆவணங்களில் நான் ஆறு பிழைகளை வைத்திருப்பேன். அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பெண் மூன்று தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து, இடது கை ஆள்காட்டி விரலை ஒரு தாளிலும் பேனா முனையை இன்னொரு தாளிலும் வைத்துக்கொண்டு வரி வரியாக நகர்ந்தாள். கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்டது. அதில் நடுவில் இரண்டு இலக்கங்களை லேடிங் பில்லில் இடம் மாற்றி வைத்திருந்தேன். அனுபவம் உள்ளவர்களே தவறவிடுவது அது. அவள் விரல் அந்த இடத்தில் நின்றது, ஒரு முறை பின்னால் போனது, மறுபடி வந்தது, வட்டமிட்டாள். ஆறில் ஐந்தைக் கண்டுபிடித்தாள். அன்று ஆறையும் கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு, அவர் பி.காம். மாணவர், அவரையும் எடுத்தேன், இவளையும் எடுத்தேன். ஐந்து பிழைகளைக் கண்டுபிடித்த வேறு யாரும் அன்று இல்லை. அவளுடைய அப்பா காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார். வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான்.

இப்போது உங்கள் சுற்றறிக்கைக்கு வருகிறேன். அந்தப் பெண் குழாயடியில் நின்றதை நான் பார்க்காமல் போயிருந்தால், உங்கள் பதிவேட்டில் வரலாற்றுத் துறைக்கு நேரே அன்றைக்கும் சுழியம்தான் விழுந்திருக்கும். தேர்வு எழுத விடாமல் வெளியே நிறுத்தப்பட்டவர்களைத் தேர்ச்சி பெறாதவர்கள் என்று எழுதிக்கொண்டு, அந்தக் கணக்கைக் காட்டி அவர்களுடைய துறையையே மூடுவது எப்படி நியாயமாகும்? எத்தனை நிறுவனங்கள் உண்மையிலேயே ஒரு குறிப்பிட்ட பட்டத்தைக் கேட்டன, எத்தனை அறிவிப்புகளில் அந்த வரியை நீங்களாகச் சேர்த்தீர்கள் என்பதை முதலில் பிரித்துப் பார்த்தீர்களா? பிரித்துப் பார்க்காமல் எடுத்த முடிவு என்றே நான் அஞ்சுகிறேன்.

பட்டத்தின் பாடத்தை வைத்து ஒரு மாணவரை எடைபோடுவது வடசென்னையில் ஏன் பெரும் பிழையாகிறது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். நாங்கள் வரலாற்றைத் தேடிப்போய்ச் சேர்ந்தவர்கள் இல்லை. என் அப்பா பெரம்பூர் பின்னி ஆலையில், எங்கள் பக்கத்தில் பி அண்டு சி மில் என்று சொல்வோமே, அதில் நெசவுப் பிரிவில் இருந்தார். 1996-இல் ஆலை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். பொறியியல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கவே இல்லை. பி.காம். கேட்டேன், என் மதிப்பெண்ணுக்கு இடமில்லை. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த, கட்டணம் கட்டக்கூடிய, இடம் காலியாக இருந்த வகுப்பு இது. அதனால் சேர்ந்தேன். இன்றைக்கும் தண்டையார்பேட்டையிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பாடம் இப்படித்தான் அமைகிறது. பதினேழு வயதில் மதிப்பெண், பணம், தூரம், வீட்டில் தம்பி தங்கை எத்தனை பேர் என்பவையெல்லாம் சேர்ந்து முடிவுசெய்த ஒன்றை, இருபது வயதில் அவர்களுடைய திறமையின் அளவாக நாம் படித்தால், வறுமையைத்தான் இரண்டாம் முறை அளந்துகொண்டிருக்கிறோம்.

அப்படித் தற்செயலாகக் கிடைத்த பாடம் எனக்கு என்ன கொடுத்தது என்று கேட்பீர்கள். இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் ஒருவர் 1921-இல் பி அண்டு சி ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். என் அப்பா வேலை பார்த்த அந்த ஆலையின் தொழிலாளர்களை முன்னிட்டுத்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது என்பதும், இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கமாக அது எண்ணப்படுகிறது என்பதும், அந்தச் சங்கத்தின் தலைவர்களான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்று பேசிய தெருக்கள் நான் தினமும் நடக்கும் தெருக்கள்தான் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் பேராசிரியர் அந்தப் பெருமையோடு விட்டுவிடவில்லை. அதே வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் தொழிலாளர்களே இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். ஆலை நிர்வாகம் அதை ஒரு விதமாகச் சொன்னது, சங்கத் தலைவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள், ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் பக்கம் நின்ற எம்.சி. ராஜா இன்னொரு விதமாகச் சொன்னார். மூன்றையும் அருகருகே வைத்து, எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே ஒருவர் சொன்னதை மற்றவர் விட்டுவிடுகிறார், விட்டதற்கு என்ன காரணம் என்று எழுதிக்கொண்டு வா என்றார். நான் மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பயிற்சிதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏற்றுமதிக்குப் போக வேண்டிய உறைந்த இறால் கன்டெய்னர் ஒன்றின் ஆவணங்கள் என் மேசைக்கு வந்தன. சுங்கக் கட்டண அட்டவணையில் மூன்றாம் அத்தியாயம் மீனுக்கும் இறாலுக்கும் உரியது. ஏற்றுமதியாளர் அந்த அத்தியாயத்தின் குறியீட்டைத்தான் போட்டிருந்தார். இன்வாய்ஸில் ‘உறைந்த இறால்’ என்று மட்டும் இருந்தது. பேக்கிங் லிஸ்ட்டில் ‘ஓடு நீக்கியது’ என்று இருந்தது. சுகாதாரச் சான்றிதழில், அதுவும் அடியில் ஒரு குறிப்பில், ‘வேகவைத்தது’ என்று இருந்தது. ஓட்டோடு ஆவியிலோ நீரிலோ வேகவைத்த இறால் மூன்றாம் அத்தியாயத்திலேயே இருக்கலாம்; ஓட்டை நீக்கிவிட்டு வேகவைத்திருந்தால் அது பதினாறாம் அத்தியாயத்துக்கு, பதப்படுத்திய உணவு வகைக்குப் போய்விடும். குறியீடு மாறினால் ஏற்றுமதியாளருக்கு அரசு திருப்பித் தரும் வரியின் விகிதம் மாறும். தவறாக அறிவித்தால் விசாரணை, தண்டத்தொகை. மூன்று ஆவணங்களில் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பாதியை மட்டும் சொன்னது. ஏற்றுமதியாளரைக் கூப்பிட்டுக் கேட்டோம், குறியீட்டை மாற்றினோம், சரக்கு உரிய கப்பலில் போனது. அன்றைக்கு என் நினைவில் வந்தவர் அந்தப் பேராசிரியர்தான். சுங்கக் குறியீட்டைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்.

இதை வைத்து, எந்தப் பாடம் படித்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். மருத்துவத்துக்கும் பொறியியல் பணிகளுக்கும் அந்தந்தப் பட்டம் வேண்டும் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமென்றால் அந்தப் பாடத்திலேயே பட்டமும் அதோடு பி.எட்.டும் வேண்டும். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் படிப்பில் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேரடியாக இடைநிலைக்குப் போக வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடு போதும். மற்றப் பட்டதாரிக்கு 60 விழுக்காடு வேண்டும். கதவு இருக்கிறது, படி கொஞ்சம் உயரம். ஆனால் எனக்கு முற்றிலும் மூடியிருந்த கதவும் ஒன்று உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, பிறருக்காக வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்துகொண்டு தனியாகத் தொழில் நடத்தலாமா என்று பார்த்தேன். வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக நிர்வாகம் போன்ற பட்டங்களைத்தான் விதி ஏற்கிறது. இறக்குமதிக்கான ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) கணக்கை எங்கள் அலுவலகத்தில் பி.காம். படித்தவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்; ஆனாலும் எனக்கு அந்தப் பதிவு கிடைக்காது. அன்றைக்கு எனக்கு உண்மையாகவே வலித்தது. முதலாமாண்டிலேயே யாராவது இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால், அஞ்சல் வழியிலாவது இன்னொரு பட்டம் வாங்கியிருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஆக, பாடம் முக்கியமான இடங்கள் இருக்கின்றன, அவற்றை விதியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மற்ற இடங்களில் அது முக்கியமில்லை என்பதையும் விதியேதான் சொல்கிறது. ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்விலும் குரூப் 2 தேர்விலும் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம். வங்கி அலுவலர் தேர்வுக்கும் அப்படியே. சொல்லப்போனால் குரூப் தேர்வுகளின் பாடத்திட்டத்தில் தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் என்று ஒரு பகுதியே இருக்கிறது. 2021-இல் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ் மொழித் தகுதித் தாளில் தேர்ச்சி பெறாதவர் தமிழ்நாடு அரசுப் பணிக்குள் நுழைய முடியாது. எங்கள் தெருவில் பொறியியல் முடித்துவிட்டு மாலை நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து குரூப் 2 தேர்வுக்காகச் சங்க இலக்கியத்தையும் நீதிக்கட்சியின் வரலாற்றையும் முதலிலிருந்து படிக்கும் பையன்களை நான் நன்றாக அறிவேன். இந்த இரண்டையும் மூன்றாண்டு வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கும் இரண்டு துறைகளைத்தான் வேலைக்கு உதவாதவை என்று சொல்லி மூடுகிறீர்கள்.

அவற்றுக்குப் பதிலாக வரப்போகும் படிப்புகளின் பெயர்கள் கேட்க நன்றாக இருக்கின்றன. அவை நல்ல படிப்புகளாகவும் இருக்கலாம். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் புதுப்பெயர் கொண்ட பட்டத்துக்கு அரசுப் பணியில் ஒரு சிக்கல் உண்டு என்பதை எங்கள் பகுதியில் பலர் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் கேட்கப்படும் பட்டமும் உங்கள் சான்றிதழில் இருக்கும் பட்டமும் ஒன்றுக்கொன்று இணையானவை என்று அரசாணை இருக்க வேண்டும். அது இல்லையென்றால், தேர்வில் மதிப்பெண் வாங்கியும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடுவார்கள். என் அத்தை மகளுக்கு அப்படித்தான் ஆயிற்று. இணைத்தன்மைக்காக அலைந்து ஒரு வழியாக அவள் கடிதம் வாங்கி வந்தபோது அந்தப் பணிக்கான பட்டியல் முடிந்துவிட்டது. நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு படிப்புக்கும் இந்த இணைத்தன்மை இருக்கிறதா என்பதைச் சேர்க்கைக் கையேட்டில் எழுதுவீர்களா?

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். வரலாறும் தமிழும் இங்கே அரசு உதவி பெறும் வகுப்புகள். புதியவை சுயநிதிப் பிரிவில் வருபவை. இரண்டுக்கும் கட்டணம் எத்தனை மடங்கு வேறுபடும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றை நம்பித்தான் எண்ணூர், கத்திவாக்கம் பக்கமிருந்து அம்மாக்கள் மகள்களை அனுப்புகிறார்கள். குறைந்த கட்டணத்தில் இருக்கும் இடங்களை நீங்கள் எடுத்துவிட்டால், அப்படி வரும் பெண் புதிய படிப்பில் வந்து சேரப்போவதில்லை. எம்.சி. ரோட்டில் ஏதாவது ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருப்பாள். நான் ஊகத்தில் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் கட்டணம் கட்ட முடியாமல் முதலாண்டிலேயே நின்றுபோன மூவரையும் பிறகு அங்கேதான் பார்த்தேன்.

சேர்க்கை குறைந்துவருகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். குறைந்திருப்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. பெற்றோர் வந்து ‘இதைப் படித்தால் என்ன வேலை’ என்று கேட்கும்போது உங்கள் ஆசிரியர்களிடம் சொல்ல ஒரு பதில் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். பதில் இல்லாமல் இல்லை, யாரும் சேகரித்து வைக்கவில்லை. என் வகுப்பிலிருந்து ஒருவர் கிராம நிர்வாக அலுவலர், இருவர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகர், ஒருவர் மணலியில் சரக்கு நிலையத்தில் மேற்பார்வையாளர். எதிலும் நிலைக்காதவர்களும் உண்டு. அவர்களையும் சேர்த்தேதான் கணக்கெடுக்க வேண்டும். ஆனால் வளாக நேர்காணல் நாளில் கையில் நியமனக் கடிதத்தோடு நிற்பவரின் புகைப்படத்தை மட்டும் நீங்கள் பதிவுசெய்கிறீர்கள். இரண்டாண்டு தேர்வுக்குப் படித்துவிட்டு அரசுப் பணிக்குப் போனவர் உங்கள் பதிவேட்டில் வேலையில்லாதவராகவே இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. பதினேழு வயதில் ஒரு பாடத்தின் பெயரைப் பார்த்து, நாற்பது வயது வரை உதவும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? நான் வேலையில் சேர்ந்த அடுத்த ஆண்டுதான் எண்ணூரில் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நிலக்கரி சென்னைத் துறைமுகத்தை விட்டு அங்கே போனது. ராயபுரத்து வீடுகளில் கரித்தூள் குறைந்தது, அந்தச் சரக்கையே நம்பியிருந்த பல அலுவலகங்களுக்கு வேலையும் குறைந்தது. காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்த ஷிப்பிங் பில் கணினிக்குப் போனது. ஜி.எஸ்.டி. வந்த அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் யாரும் இரவு பத்து மணிக்கு முன் வீட்டுக்குப் போகவில்லை, பி.காம். படித்தவர், மெக்கானிக்கல் படித்தவர், தாவரவியல் படித்தவர், நான் எல்லாரும் ஒரே சுற்றறிக்கையை நடுவில் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளைப் போலத்தான் படித்தோம். முன்பே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. யார் முதலில் புரிந்துகொண்டார்கள் என்பதற்கும் அவர்களுடைய பட்டத்துக்கும் எந்தத் தொடர்பையும் நான் காணவில்லை.

ஆகவே உங்களிடம் சில கோரிக்கைகளை வைக்கிறேன். இவற்றில் எதுவும் பெரும் செலவு பிடிப்பதில்லை.

வரலாறு, தமிழ் இலக்கியம் ஆகிய இரு வகுப்புகளின் சேர்க்கையை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். உடனே முடியாதென்றால் குறைந்தது இரண்டு கல்வியாண்டுகளுக்காவது ஒத்திவையுங்கள். அந்த இரண்டு ஆண்டுகளில், நிறுவனங்கள் எழுதிக்கொடுக்கும் தகுதியை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எல்லாத் துறைகளின் பலகைகளிலும் ஒட்டுங்கள். ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்று வந்தால் அனைவரையும் உட்காரவையுங்கள். யாரை எடுப்பது என்பதை எடுப்பவர் பார்த்துக்கொள்வார். ஒரு குறிப்பிட்ட பட்டத்தைக் கேட்கும் நிறுவனத்திடம், இந்த வேலைக்கு அது உண்மையிலேயே தேவையா என்று ஒரு முறையாவது கேளுங்கள். அதன் பிறகு கிடைக்கும் கணக்கைப் பொதுவில் வையுங்கள். அதை வைத்து நீங்கள் எந்த முடிவெடுத்தாலும் நான் மதிப்பேன்.

முதலாமாண்டின் முதல் மாதத்திலேயே, ஒவ்வொரு துறை மாணவருக்கும் ஒரு தாள் கொடுங்கள். இந்தப் பட்டத்தோடு எந்தத் தேர்வுகளை எழுதலாம், எந்தப் பணிக்கு மேலே என்ன சேர்த்துப் படிக்க வேண்டும், எந்த வழி இந்தப் பட்டத்துக்கு இல்லை என்று மறைக்காமல் அதில் எழுதியிருக்க வேண்டும். அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளில் கணக்கியல் மென்பொருள், எக்செல், ஆங்கிலக் கடிதம் எழுதுதல் போன்றவற்றை வரலாறு, தமிழ்த் துறை மாணவர்களும் தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள். மற்றவர்கள் எடுத்ததுபோக மிச்சமிருப்பதுதான் தங்களுக்குக் கிடைக்கிறது என்று குழாயடியில் நின்ற அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்.

புதிய படிப்புகளைத் தொடங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் உதவி பெறும் இடங்களை எடுத்துவிட்டுத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு புதிய பட்டத்துக்கும் இணைத்தன்மை உண்டா இல்லையா என்பதைக் கையேட்டில் அச்சிடுங்கள். முன்னாள் மாணவர்கள் என்ன ஆனார்கள் என்ற பட்டியலை எடுக்க ஆள் இல்லையென்றால், எங்கள் ஆண்டுக்கான பட்டியலை நானே வீடு வீடாகப் போய் எடுத்துத் தருகிறேன்.

வரும் ஜூன் மாதத்தில் எங்கள் பிரிவில் மேலும் இரண்டு இடங்கள் காலியாகின்றன. சொல்லி அனுப்புங்கள், மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். இந்த முறை அறிவிப்பை என் கையாலேயே எழுதி, வரலாற்றுத் துறையின் வாசலிலிருந்து ஒட்டிக்கொண்டு வருவதற்கு எனக்கு அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
பி.ஏ. வரலாறு (1997–2000) முன்னாள் மாணவி,
தண்டையார்பேட்டை, சென்னை.